மிசாவோவின் மங்கு

குராஹாஷி மிசாவோவுக்குப் பக்கத்தில் இருபது வருடத்துக்கும் மேல் நின்று வேலை பார்த்தேன். அவள் முகத்தை மட்டும் நான் பார்த்ததில்லை. ஒசாகாவில் ஒரு பெரிய கடையின் தரைத்தளத்தில் அவளுக்கு மேக்கப் கவுன்டர், எனக்கு அடுத்த சென்ட் கவுன்டர். காலையில் நான் வேர்க்க விறுவிறுக்க ஓடி வரும்போதே அவள் முழு மேக்கப்போடு நிற்பாள். கடை மூடும் நேரத்திலும் அதே முகம்தான். நெற்றியில் ஒரு பொட்டு எண்ணெய் மினுக்காது, புருவக் கோடு ஒரு நூல் நகராது. ஒருமுறை விடியற்காலையில் நிலம் நடுங்கி, அவள் இருந்த தெருவே தூக்க உடையில் ரோட்டுக்கு ஓடி வந்தது. மிசாவோ கடைசியாக வந்தாள், லிப்ஸ்டிக்கோடு. இதை எங்கள் கடையில் பெருமையாகச் சொல்வார்கள்.

நான் ஒசாகாவிலேயே, கொரியர்கள் நிறைந்த இகுனோவில் பிறந்து வளர்ந்த கொரியக்காரி. கடையில் யாசுதா, வீட்டில் யோங்சில், இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பேன். என் வாய்க்கு அந்தக் கடையில் இவ்வளவு நாள் குப்பை கொட்டியதே பெரிது. மிசாவோ எனக்கு நேர் எதிர். அவள் பேசியதைவிட விழுங்கியதுதான் அதிகம். அப்படியும் எங்கள் இருவருக்கும் ஒத்துப் போயிற்று. சாப்பாட்டு நேரத்தில் நான் பேசுவேன், அவள் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வாள்.

ஒருநாள் அவளிடம் நேராகவே கேட்டேன், வீட்டிலாவது முகம் கழுவுவாயா என்று. கணவர் டெட்சுரோ தூங்கிய பிறகு கழுவுவாளாம், அவர் விழிப்பதற்கு முன் போட்டு முடித்துவிடுவாளாம். கல்யாணமானதிலிருந்து ஒருநாள் தவறியதில்லையாம். "அவருக்கே என் வெறும் முகம் தெரியாது" என்றாள். சொன்னபோது அவள் குரலில் இருந்தது சத்தியமாகப் பெருமைதான். டெட்சுரோ ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், வாயைத் திறந்தால் ஏதோ உதிர்ந்துவிடும் என்பது போல உட்கார்ந்திருப்பவர். இந்த மனுஷனுக்கு மனைவியின் முகமே தேவையில்லை போலிருக்கிறது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் காலம் மாறிற்று. கடைக்கு வரும் சின்னப் பெண்கள் எல்லாரும் கைப்பேசியை நீட்டி, கொரிய முகம் வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். எனக்கு உச்சி குளிர்ந்தது. என் அம்மா காலத்தில் கொரியப் பெயரையே வெளியே சொல்ல மாட்டோம், இப்போது கொரிய முகத்துக்கு வரிசை. மிசாவோவுக்குத்தான் வயிற்றெரிச்சல். பளபளப்பு என்பது அவளுக்கு அழுக்கு மாதிரி. எண்ணெய் ஒற்றும் தாளை எடுத்து அந்தப் பெண்களின் மூக்கில் ஒற்றியே பாதி ஆயுளைக் கழித்தவள் அவள். இதுகளோ மூக்கும் கன்னமும் இப்போதுதான் தண்ணீரிலிருந்து எழுந்தது போல மினுங்க வேண்டும் என்கிறதுகள். புருவம் வளையக் கூடாது, நேர்கோடாக இருக்க வேண்டும். உதட்டின் நடுவில் மட்டும் நிறம், ஓரத்தில் கரைந்து போக வேண்டும்.

அவள் என்னிடம் தாழ்ந்த குரலில் புலம்புவாள். எங்கள் ஊர் மேக்கப் ஒவ்வொருத்தியின் முகத்துக்கும் ஏற்றபடி போடுவது, கண்ணுக்குக் கீழே இளஞ்சிவப்பு வைத்து, பவுடரை மெத்தென்று ஒற்றி, பார்க்கிறவன் மேக்கப்பா இயல்பா என்று குழம்ப வேண்டும். உங்கள் ஊரில் எல்லாருக்கும் ஒரே முகம் என்பாள். நான் விடுவேனா? எங்கள் ஊரில் பத்து கிரீம் பூசித் தோலைத் தேற்றுவோம், உங்கள் ஊரில் ஒரு பவுடரைப் பூசி ஊரை ஏமாற்றுவீர்கள் என்றேன். உள்ளே இருப்பதை நீங்கள் மறைப்பீர்கள், நாங்கள் மாற்றுவோம், மாற்றியதை ஊரெல்லாம் சொல்லவும் செய்வோம். அவள் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அந்தப் பேச்சு அவள் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கும் என்று அப்போது இருவருக்கும் தெரியாது.

அவள் மகன் தோமோயா, வேலை பார்க்கும் இடத்தில் கொரியாவில் பூசான் ஊரைச் சேர்ந்த ஒரு பெண்ணைப் பிடித்துக்கொண்டான். பெயர் ஹேரின். முதல் தடவை வீட்டுக்கு அழைத்து வருகிறான் என்று மிசாவோ ரயில் நிலையத்துக்குப் போனாள், துணைக்கு நானும் போனேன். பெட்டியிலிருந்து இறங்குகிறது அந்தப் பெண், முன்நெற்றி முடியில் இவ்வளவு பெரிய பிளாஸ்டிக் ரோலரோடு! நல்ல உடை, நல்ல செருப்பு, நெற்றியில் மட்டும் அந்த இளஞ்சிவப்பு உருளை ஆடிக்கொண்டிருந்தது. அத்தனை ஜனங்களுக்கு நடுவில் அப்படியே வந்திருக்கிறாள். எங்களைப் பார்த்ததும் ரோலரை உருவிப் பையில் போட்டாள், முடி அழகாக வளைந்து விழுந்தது, குனிந்து வணக்கம் சொன்னாள். மிசாவோவுக்குப் பேயறைந்தது மாதிரி ஆகிவிட்டது. எனக்கோ கட்டி அணைத்துக்கொள்ளத் தோன்றிற்று. பூசானில் பாதிப் பெண்கள் அப்படித்தான் திரிவார்கள். ரயிலில் இருக்கிறவன் யாரோ, அவனுக்காகவா முடியை வளைத்தோம்?

சாப்பிடும்போது ஹேரின் இன்னும் இரண்டு குண்டு போட்டாள். பரீட்சை முடிந்த பரிசாக அம்மா காசு கட்டி, கண்ணிமையில் ஆபரேஷன் பண்ணி மடிப்பு வைத்து இரட்டை இமை ஆக்கிக் கொடுத்தாள் என்று, ஊறுகாய் கேட்பது போலச் சொன்னாள். அப்புறம் மிசாவோவையே உற்றுப் பார்த்து, "அத்தை, பவுடர் ரொம்பக் கனமா இருக்கே. தோலு மூச்சு விடுமா?" என்றாள். டெட்சுரோ சூப்பைக் குடித்துக்கொண்டே இருந்தார். ஜப்பானில் ஒருத்தர் முகத்தைப் பற்றி அவரிடமே பேசுவது கிடையாது. நல்லதைச் சொன்னாலே கொஞ்சம் கூச்சப்படுவார்கள், குறையைச் சொல்வது சட்டையைப் பிடிப்பதற்குச் சமம். எங்கள் பக்கமோ, முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்றால் உன்னைக் கவனிக்கவே இல்லை என்று அர்த்தம்.

ஆனாலும் மிசாவோவுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று. என்னிடமே சொன்னாள், அந்த வீட்டில் கலகலவென்று ஒரு சத்தம் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று. சிக்கல் வேறு இடத்திலிருந்து வந்தது. ஹேரினின் அம்மா மல்சூன், பூசான் சந்தையில் கருவாட்டுக் கடை வைத்திருப்பவள், புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாக மகளை வளர்த்தவள். மகளை மொழிபெயர்க்க வைத்து, காலை ஏழு மணிக்கு மிசாவோவோடு கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசியிருக்கிறாள். மிசாவோ ஏழு மணிக்கே கல்யாணத்துக்குப் போகிற முகத்தோடு திரையில் வந்தாள். மல்சூன் ஐந்து நிமிடம் பேசிவிட்டு மகளிடம் சொன்னது இது: "அந்தம்மா நல்லவங்களா கெட்டவங்களான்னே தெரியல. முகத்துல ஒண்ணுமே ஓட மாட்டேங்குது. முகத்தையே காட்டாத வீட்டுல எம்பொண்ணைக் குடுத்துட்டு நான் இங்க எப்படித் தூங்குவேன்?"

இரண்டு குடும்பமும் பூசானில் உட்கார்ந்து சாப்பிடட்டும், பார்த்த பிறகுதான் பதில் என்றுவிட்டாள். அம்மா வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அம்மாவை மீறி ஒரு அடி வைக்க மாட்டேன் என்று ஹேரின் தோமோயாவிடம் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டாள். தோமோயா சாப்பாட்டை விட்டான். மிசாவோ என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ மொழிபெயர்க்க வர வேண்டும் என்றாள். கரும்பு தின்னக் கூலியா! கடையில் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பூசான் விமான நிலையத்தில் மல்சூன் கையை ஆட்டிக்கொண்டு நின்றாள். சுருட்டை முடி, சிவப்புக் கோட்டு, முகம் எண்ணெய் தேய்த்த தவலை மாதிரி பளபளவென்று. வணக்கம் முடிவதற்குள் வேலையை ஆரம்பித்துவிட்டாள். தோமோயாவின் தாடையைப் பிடித்து அவனுடைய தெத்துப்பல்லைப் பார்த்தாள். கம்பி போட்டால் ஒரு வருடத்தில் சரியாகிவிடுமாம், பல் டாக்டர் கருவாடு வாங்க வருகிறவர்தானாம், குறைத்துச் செய்வாராம். ஒசாகாவில் அந்தத் தெத்துப்பல்லுக்கு மயங்காத பெண் இல்லை. நான் மிசாவோவிடம், பையன் சிரிப்பு நன்றாக இருக்கிறது என்கிறார்கள் என்று சொல்லிவைத்தேன். பாலம் உடையாமல் இருக்க நாலு ஆணியைக் கூடுதலாக அடிப்பதில் என்ன தப்பு?

அடுத்து வயது கேட்டாள். மிசாவோவைவிடத் தான் இரண்டு வயது மூத்தவள் என்று தெரிந்ததும், "அப்ப நான் அக்கா. சம்பந்தி கிம்பந்தியெல்லாம் அப்புறம்" என்றாள். கொரியாவிலும் சம்பந்திகள் எட்டியே நிற்பார்கள், மரியாதைக்காக நடுவில் ஒரு லாரி போகிற அளவு இடம் இருக்கும். மல்சூனுக்கு அந்த வழக்கமெல்லாம் தெரியும், பிடிக்காது. ஆண்களை ஹேரின் ஹோட்டலுக்குக் கூட்டிப் போகட்டும், ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் பெண்கள் நாம் மூவரும் குளித்துவிட்டு வருவோம் என்று டாக்ஸியை நிறுத்தினாள்.

குளிக்க என்றால் பொதுக் குளியலறை, வெந்நீர்த் தொட்டி. மிசாவோவின் கை என் முழங்கையில் இறுகிற்று. வயிறு சரியில்லை என்று சொல்லேன் என்றாள். முடியாது, இங்கே முதுகு தேய்த்துவிட வருகிறேன் என்று சொல்கிறவளை மறுப்பது உறவையே மறுப்பது மாதிரி என்றேன். அவள் மெல்ல நிமிர்ந்து, "பரவாயில்ல. கழுத்துக்கு மேல தண்ணி படாம குளிக்க எனக்குத் தெரியும்" என்றாள். உண்மைதான், கடைக்காரர்கள் எல்லாரும் வெந்நீர் ஊற்றுக்குச் சுற்றுலா போனபோது அந்த வித்தையை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஆவியில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் புருவம் கலையாமல் எழுந்து வந்தவள் அவள்.

ஆனால் அது ஜப்பான். அங்கே எவளும் பக்கத்தில் இருப்பவளைப் பார்க்க மாட்டாள். பூசானில் பார்ப்பதற்குத்தானே வருகிறார்கள்! உள்ளே நுழைந்ததும் நாலு பாட்டிகள் திரும்பி, உடம்பில் துணியில்லாமல் முகத்தில் மட்டும் பவுடர், மை, லிப்ஸ்டிக்கோடு வந்த பெண்ணை ஒரு அதிசயமாகப் பார்த்தார்கள். ஒருத்தி ஈரக் கையால் என்னைத் தட்டி, இந்தப் பொம்பளை டிவியில் வருமா என்று கேட்டாள். மிசாவோ தொட்டியில் கழுத்து வரை இறங்கி, கன்னத்தில் ஆவி படாமல் இருக்கச் சிறு துண்டை விசிறியாக ஆட்டிக்கொண்டிருந்தாள். எதிரில் மல்சூன், தலையில் துண்டை முறுக்கிக் கட்டிக்கொண்டு, அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதுகு தேய்க்கும் கட்டம் நன்றாகவே போயிற்று. மல்சூன் சொரசொரப்பான பச்சைக் கையுறையை மாட்டிக்கொண்டு மிசாவோவின் முதுகைத் தேய்த்த தேய்ப்பில் அது தக்காளி ஆயிற்று. உருண்டு உருண்டு வந்த அழுக்கை மல்சூன் எடுத்து அவளுக்கே காட்டினாள். மிசாவோ தலைகுனிந்து நன்றி சொன்னாள், பிறகு அவளும் மல்சூனின் முதுகைத் தேய்த்தாள், ரொம்ப மெதுவாக, பீங்கான் துடைப்பது போல. மல்சூன் கத்தினாள், நான் என்ன பொம்மையா, அழுத்தித் தேயடி என்று. இதை மட்டும் அப்படியே மொழிபெயர்த்தேன். மிசாவோ அழுத்தினாள், மல்சூன் ஆஹா என்றாள், எல்லாம் தாண்டிவிட்டோம் என்றே நினைத்தேன்.

மல்சூன் அதற்கு முன்பே சின்னம்மாவிடம் சொல்லிவைத்திருந்தாள். சின்னம்மா என்றால் குளியலறையில் உடம்பு தேய்த்துவிடுவதையே தொழிலாகச் செய்யும் அம்மாள், கறுப்பு உள்ளாடையும் மல்லன் மாதிரி தோளும். சம்பந்திக்கு முழுத் தேய்ப்பு, முகத்துக்கு வெள்ளரிக்காய், காசு என் கணக்கு என்பது மல்சூனின் ஏற்பாடு. மிசாவோவைப் பலகையில் படுக்கவைத்தார்கள். சின்னம்மாவின் பாஷை தட்டல்தான்: இடுப்பில் ஒரு தட்டு தட்டினால் புரள வேண்டும், இரண்டாவது தட்டுக்குக் குப்புறப் படுக்க வேண்டும். மிசாவோ மீன் மாதிரி புரண்டு கொடுத்தாள். கடைசித் தட்டுக்கு மல்லாந்தாள். சின்னம்மா துருவிய வெள்ளரிக்காயைக் கையில் அள்ளினாள், முகத்தைப் பார்த்தாள், முகம் சுளித்தாள், பக்கத்து வாளியில் இருந்த வெந்நீர்த் துண்டைப் பிழிந்து, நெற்றியிலிருந்து தாடை வரை ஒரே இழுப்பாக இழுத்துவிட்டாள்.

நான் ஓடினேன், ஆனால் எதற்கு ஓடினேன்? இரண்டாவது இழுப்பில் எல்லாம் போய்விட்டது. துண்டில் ஒரு முழு முகம் ஒட்டிக்கொண்டிருந்தது, பலகையில் வேறொருத்தி படுத்திருந்தாள். இரண்டு கன்னத்திலும் மங்கு. இடது பக்கம் கண்ணுக்குக் கீழிருந்து வாயோரம் வரை பழுப்பாகப் படர்ந்து கிடந்தது. ஓ, இதற்குத்தானா! அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். அந்த மூடிய கண்ணைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமாகவும் இருந்தது, ஏனென்றால் இத்தனை வருடமாக அந்தப் பவுடரை நான் கிண்டல் பண்ணியிருக்கிறேன்.

மல்சூன் குனிந்து பார்த்தாள். "அடியாத்தி, மங்கு! எவ்வளவு பெருசா இருக்கு!" என்று குளியலறை முழுக்க எதிரொலிக்கச் சொன்னாள். அவ்வளவுதான், அந்த நாலு பாட்டிகளும் தொட்டியிலிருந்து எழுந்து வந்துவிட்டார்கள். அரிசி களைந்த தண்ணீர் என்றாள் ஒருத்தி. அதெல்லாம் வேஸ்ட், லேசர்தான், நாலு தடவை போனால் பாதி போய்விடும் என்றாள் இன்னொருத்தி. எனக்கும் இருந்தது, இங்கே பார் என்று மூன்றாமவள் தன் கன்னத்தையே நீட்டினாள். எந்த மருத்துவமனை, எந்த டாக்டர், அவர் கை கடுமையா லேசா, எல்லாம் அந்தப் பலகையைச் சுற்றி நின்றே முடிவாயிற்று. சின்னம்மா தன் பங்குக்கு வெள்ளரியை இடது கன்னத்தில் இரண்டு கை கூடுதலாக அப்பினாள்.

மிசாவோ கண்ணைத் திறக்காமலே, என்ன சொல்கிறார்கள் என்று என்னைக் கேட்டாள். சமாளிக்க எத்தனையோ சொல்லியிருக்கலாம். அந்த முகத்திடம் எனக்குப் பொய் வரவில்லை. ஒன்று விடாமல் சொன்னேன், டாக்டர் பெயர் உட்பட. அப்புறம் அவள் வயிறு குலுங்க ஆரம்பித்தது. வெள்ளரிக்காய் காதோரம் வழிந்து விழுந்தது. சிரிக்கிறாள்! வாயை மூடக் கை எழவில்லை, பல்லெல்லாம் தெரிய, மூச்சு முட்டச் சிரிக்கிறாள். "முப்பது வருஷமா ஒருத்தர் கண்ணுலயும் படக் கூடாதுன்னு செத்தேன் யாசுதா. இவங்க ரெண்டு நிமிஷத்துல டாக்டரையே பாத்து வெச்சுட்டாங்க" என்றாள்.

உடை மாற்றும் அறையில் வாழைப்பழப் பாலை உறிஞ்சிக்கொண்டு மல்சூன் தன் பையைத் திறந்தாள். அடேயப்பா, தண்ணீர் மாதிரி ஒன்று, கஞ்சி மாதிரி ஒன்று, பசை மாதிரி ஒன்று! ஒன்று காய்வதற்குள் அடுத்ததை அறைந்து அறைந்து பூசினாள். மிசாவோவின் முகம் மினுங்க ஆரம்பித்தது. அவள் கை தானாகப் பையிலிருந்த எண்ணெய் ஒற்றும் தாளை எடுத்தது, மல்சூன் அந்தக் கையிலேயே ஒரு அடி போட்டாள். "இவ்வளவு நேரம் பூசுனது ஒத்தி எடுக்கவா?" என்றாள். அதற்குப் பதிலாக மிசாவோ தன் தூரிகைகளை எடுத்தாள். மல்சூனை ஸ்டூலில் உட்காரவைத்து, தரையில் மண்டியிட்டு, கடையில் எப்படியோ அப்படியே, கண்ணுக்குக் கீழே இளஞ்சிவப்பு வைத்தாள், பவுடரை மூச்சு விடுவது போல் ஒற்றினாள், அந்த நேர்ப் புருவத்துக்கு ஒரு சின்ன வளைவு கொடுத்தாள்.

மல்சூன் கண்ணாடியைப் பார்த்துத் திகைத்துப் போனாள். சந்தையில் தொண்டை கிழியக் கத்துகிறவள், கண்ணாடிக்குப் பக்கத்தில் போய்த் தன் கன்னத்தையே தொட்டுப் பார்த்தாள். "யாருடி இவ? இவ்வளவு சாதுவா இருக்கா? காய்ச்சல்காரி மாதிரி இருக்கா, ஆனா அழகாத்தான் இருக்கா" என்றாள். நாங்கள் மூவரும் சிரித்த சிரிப்பில் முடி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் மெஷினை அணைத்துவிட்டுத் திரும்பினார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கல்யாணத்துக்கு என்ன உடுத்தலாம் என்று யோசிக்கவே ஆரம்பித்துவிட்டேன்.

கடைசியாக மிசாவோ, மங்கை மறைக்கும் கிரீமை எடுத்தாள். மல்சூன் தடுக்கவில்லை. சும்மா பேச்சுக்குத்தான் கேட்டாள், உங்கள் வீட்டுக்காரர் இதற்கு மருந்து ஒன்றும் வாங்கித் தரவில்லையா என்று. மிசாவோ சொன்னாள், அவருக்குத் தெரியாது, காட்டியதே இல்லை. நான் மொழிபெயர்த்து முடித்தேன். மல்சூனின் அந்தச் சாதுவான முகத்தில் சிரிப்பு அப்படியே அடங்கிற்று.

"கூட இருக்கற மனுஷனுக்கே தெரியாதா? முப்பது வருஷமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள், நான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேன் என்பது போல. பிறகு நிதானமாகச் சொன்னாள்: "யோங்சில், இதை அப்படியே சொல்லு. இவ மேல எனக்குக் கோபமில்ல. இவளை எனக்குப் புடிச்சிருக்கு. ஆனா அந்த வீட்டுல எம்பொண்ணு ஒருநாள் அழுதா, அதை யாரு பாப்பாங்க?"

சொன்னேன். மிசாவோ கிரீமைத் தொடாமலே மூடியைத் திருகிப் பையில் போட்டாள், பையை மூடினாள், எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள். படியிறங்கும்போது நான் கையைக் கொடுத்தேன். டாக்ஸியில் ஏறும்போது என் கல்யாண உடையெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

உணவகத்தில் ஒரு தனி அறை. மேசை நிறையப் பச்சை மீனும் கீரையும் தொட்டுக்கொள்ளும் வகைகளும் அடுக்கியிருந்தார்கள். டெட்சுரோ, தோமோயா, ஹேரின் மூவரும் எழுந்து நின்றார்கள். தோமோயா அம்மாவைப் பார்த்ததும் வாயைத் திறந்தான், திறந்தபடியே நின்றான். பெற்ற அம்மாவை அவனும் அன்றைக்குத்தான் பார்க்கிறான். ஹேரின் மட்டும் பட்டென்று, "அத்தை, பத்து வயசு குறைஞ்சிட்டீங்க" என்றாள். மிசாவோ கணவருக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். அந்த விளக்கு வெளிச்சத்தில் அவள் முகம் மினுங்கிற்று, மங்கு அத்தனையும் தெரிந்தது. மல்சூன் சாப்பாட்டைப் பார்க்கவில்லை, டெட்சுரோவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் மனைவியின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் கண்ணை மேசைக்குத் தாழ்த்திக்கொண்டார். எனக்கு எழுந்து அவர் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. அவரோ தன் முன்னால் இருந்த கை துடைக்கும் ஈரத் துணியை மடித்து ஓரமாக வைத்தார். அப்புறம், மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"இடது பக்கம் கொஞ்சம் குறைஞ்சிருக்கு. தோமோயா பொறந்த வருஷம் இதைவிடக் கருப்பா இருந்தது."

மிசாவோவின் கையிலிருந்த குச்சிகள் தட்டில் விழுந்தன. தெரியுமா என்று கேட்டாள்.

"காலையில நீ கண்ணாடி முன்னாடி உக்காரும்போது எனக்கும் முழிப்பு வந்துடும். கண்ணாடியில உன் முகத்தை ஒரு தடவை பாத்துட்டு, நீ முடிக்கிற வரைக்கும் கண்ணை மூடிப் படுத்திருப்பேன்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். "சில நாள் மூத்திரம் முட்டும். அப்பவும் எழுந்திரிக்க மாட்டேன்."

மிசாவோ அழுதாள். துடைக்கத் துடைக்க வந்தது, துடைத்தால் கலைய எதுவும் இல்லாததால் உள்ளங்கையால் முகம் முழுக்கத் துடைத்துக்கொண்டாள். தெரிந்தும் முப்பது வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள், கோபமாகத்தான் கேட்டாள். நீ காட்டாததை நான் பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது என்றார் அவர். காது வரை சிவந்துவிட்டது அந்த மனுஷனுக்கு.

மல்சூன் என் தொடையைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள், என்ன, என்ன, என்ன சொல்றாரு என்று. ஒரு எழுத்துக் கூட்டாமல், ஒரு எழுத்துக் குறைக்காமல் சொன்னேன், மூத்திரத்தையும் சேர்த்து. அவள் டெட்சுரோவை மேலும் கீழும் பார்த்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து, மிசாவோ போட்ட இளஞ்சிவப்பில் இறங்கிக் கோடு போட்டது. மதுப் புட்டியை எடுத்து, மரியாதைக்கு இரண்டு கையாலும் பிடித்து, அவர் கிண்ணத்தில் ஊற்றினாள்.

"இந்த வீட்டுல கண்ணு இருக்கு. வாய்தான் இல்ல" என்றாள். "வாய்க்கு எம்பொண்ணு இருக்கா. நாள் பாருங்க."